மீட்கும் நாளை யார் சொல்வது? காரைக்குடி நகைக்கடன் மென்பொருள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. காரைக்குடியில் கொப்புடையம்மன் கோவிலுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு நகைக்கடன் கடைக்கு, நாற்பதாயிரம் ரூபாய்க்கு வைத்த சங்கிலியை மீட்க ஒருவர் வந்தார். வைத்த நாள் 2023 டிசம்பர் 1. வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. நான் எழுதிக் கொடுத்திருந்த மென்பொருள் 2,100 ரூபாய் வட்டி என்று ரசீது அச்சிட்டது. கடையை நடத்தும் ஆச்சி ரசீதை வாங்கிப் பார்த்தார். "டிசம்பர் ஒன்று, மார்ச் ஒன்று. மூன்று மாதம். ஆயிரத்து எண்ணூறு" என்று சொல்லி, முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, எனக்குப் போன் செய்தார்.

நாட்களை எண்ணி முப்பதால் வகுத்திருந்தேன். டிசம்பரில் 31, ஜனவரியில் 31, அந்த ஆண்டின் பிப்ரவரியில் 29. கூட்டினால் 91 நாள். முப்பதால் வகுத்தால் மூன்று மாதமும் ஒரு நாளும். கடையின் வழக்கப்படி, முழு மாதங்கள் போக மிஞ்சும் நாட்கள் பதினைந்துக்குள் இருந்தால் அரை மாத வட்டி. தாண்டினால் முழு மாத வட்டி. இல்லாத ஒரு நாள் அரை மாதமாகி, முந்நூறு ரூபாயாகி ரசீதில் ஏறிவிட்டது.

இதே பிழை எதிர்த்திசையிலும் வேலை செய்தது. 28 நாள் பிப்ரவரி உள்ள ஆண்டில், பிப்ரவரி 1 அன்று வைத்து மார்ச் 17 அன்று மீட்டால் மொத்தம் 44 நாள். நிரலுக்கு அது ஒன்றரை மாதம். ஆச்சிக்கு ஒரு மாதமும் பதினாறு நாளும், ஆக இரண்டு மாதம். அங்கே நட்டம் கடைக்கு.

வகுத்தலைத் திருத்த அரை மணி நேரம் போதும். அந்த மென்பொருள் அதற்கு முன் ஆறு மாதமாகக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனைகளை நாங்களும் எழுதித்தான் வைத்திருந்தோம். ஒன்றில்கூட இந்தப் பிழை ஏன் சிக்கவில்லை என்பதற்கு விடை தேடப் போய்த்தான் நிரலின் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்த ஆய்வு அந்த மாற்றத்தைப் பற்றியது.

உள்ளே என்ன இருந்தது

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல். படிக்க எளிதாக இருக்கும்படி அதன் வடிவத்தைத் தமிழில் தருகிறேன்.

வட்டி(கடன்):
    இன்று = கணினியின் தேதி
    நாட்கள் = இன்று − கடன் வைத்த நாள்
    மாதங்கள் = நாட்கள் ÷ 30
    மிச்ச நாட்களுக்கு அரை அல்லது முழு மாதம் சேர்
    தொகை × வீதம் × மாதங்களைத் திருப்பிக் கொடு

முதல் வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் கடன் மட்டும்தான் இருக்கிறது. படிப்பவருக்கு, வட்டி என்பது கடனை மட்டும் பொறுத்தது என்று தோன்றும். உண்மையில் அது இரண்டைப் பொறுத்தது: கடன், மீட்கும் நாள். இரண்டாவதை, 'வட்டி' என்ற இந்தச் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) யாரிடமும் கேட்காமல் தானே உள்ளே போய் எடுத்துக்கொள்கிறது. டிசம்பர் 1-இல் வைத்த நகையை மார்ச் 1-இல் மீட்டால் என்ன வட்டி என்ற சோதனையை இந்த நிரலுக்கு வைக்க வேண்டுமானால், மார்ச் 1 வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் சோதனைகள் 'பத்து நாளைக்கு முன் வைத்த கடன்', 'நாற்பது நாளைக்கு முன் வைத்த கடன்' என்று இன்றிலிருந்து பின்னால் எண்ணி எழுதப்பட்டவை. பத்து நாளுக்கு அரை மாத வட்டி, நாற்பது நாளுக்கு ஒன்றரை மாத வட்டி என்று பார்த்தால் சரியாகவே வரும். மாதங்களின் நீளம் மாறுகிற இடத்தை அவை தொடவே இல்லை.

இது ஒரு செயற்கூறின் கதை. அதற்கு மேலே 'மீட்பு' என்று ஒரு கிளாஸ், அதாவது தரவையும் செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் நிரல் பகுதி, இருந்தது. அது உருவாகும்போதே ஐந்து பொருட்களைத் தானே தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும்: தேதி, தரவுத்தளம், அன்றைய தங்க விலையைக் கொண்டுவரும் இணைப்பு, குறுஞ்செய்தி அனுப்பும் சேவை, ரசீது அச்சிடும் எந்திரம். வட்டி சரியா என்று பார்க்க அச்சு எந்திரத்தில் தாள் இருக்க வேண்டும். இணையம் துண்டிக்கப்பட்டிருந்தால் கூட்டல் சோதனையும் தோற்கும். ஒரு சோதனையை ஓட்ட முழுக் கடையையே எழுப்ப வேண்டியிருந்ததால், நாங்கள் சோதனைகளை அடிக்கடி ஓட்டுவதையே விட்டுவிட்டோம்.

சில முக்கியமான நாட்களைப் பார்க்க, கணினியின் தேதியையே மாற்றிவைத்துச் சோதித்ததும் உண்டு. பலர் இன்றும் இப்படிச் செய்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். தேதியை ஓர் ஆண்டு முன்னே தள்ளியதும் தங்க விலை வரவில்லை. பாதுகாப்பான இணைப்பில் மறுமுனையின் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. நம் கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே போனால் இணைப்பு மறுக்கப்படும். அந்த நேரத்தில் தரவுத்தளத்தில் எழுதிய பதிவுகளிலும் வராத ஆண்டின் தேதி ஏறிவிட்டது. அவற்றைத் தேடித் தேடி அழித்தோம்.

இருபத்து மூன்று செய்திகள்

ஆச்சி போன் செய்த பிறகு சோதனைகளைச் சரியாக எழுத உட்கார்ந்தேன். நிரலின் அமைப்பைத் தொடாமல், சோதனை ஓடும் நேரத்தில் மட்டும் உள்ளே இருப்பதை மாற்றிவைக்கும் வழியை முதலில் எடுத்தேன். பைத்தானில் அதற்குப் பேட்ச் என்ற வசதி உண்டு. 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து மொழியுடனேயே கிடைக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பும் செயற்கூறின் பெயரைச் சொல்லி, அதன் இடத்தில் ஒன்றும் செய்யாத போலி ஒன்றை வைத்துவிடலாம்.

வைத்தேன். ஆனால் எங்கே வைத்தேன் என்பதில்தான் தவறு. செய்தி அனுப்பும் செயற்கூறு ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தது. நினைவூட்டல் கோப்பு அந்தப் பெயரைத் தொடக்கத்திலேயே தனக்குள் இறக்குமதி செய்து வைத்திருந்தது. நான் போலியை வைத்தது முதல் கோப்பில். நினைவூட்டல் கோப்பின் கையில் இருந்தது, ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த உண்மையான செயற்கூறு. பேட்ச் பிழையேதும் சொல்லவில்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி போலியை வைத்திருந்தது அல்லவா. சோதனை சரிபார்த்ததோ, எத்தனை செய்திகள் அனுப்பியதாக நிரல் திருப்பிச் சொல்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும். 23 என்று வந்தது, எதிர்பார்த்ததும் 23. பச்சை, அதாவது சோதனை தேறிவிட்டது.

சோதனைக்காக நான் எடுத்திருந்தது கடைத் தரவின் நகல். அதில் இருந்தவை உண்மையான போன் எண்கள். இரவு பதினொன்றேகால் மணிக்கு, தவணை முடிகிறது, நகை ஏலத்துக்கு வரும் என்ற செய்தி இருபத்து மூன்று வீடுகளுக்குப் போனது.

இந்த ஊரில் நகையை வைப்பது எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு, ஆடியில் விதைப்புக்கு, கொழுந்தியாள் பிரசவத்துக்கு என்று வைப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வைப்பவர்கள் குறைவு. தை முகூர்த்தத்துக்குள் மீட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஒரு பெண் வாசலில் நின்றிருந்தார். அவர் கொடுத்திருந்தது வீட்டுப் பொது எண். செய்தியைப் படித்தது மாமியார்.

ஆச்சி அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவருடன் அவர் வீட்டுக்கே போய், தவறு கடையுடையது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் தானே போன் செய்தார். நான் கடைக்குப் போனபோது பதினொரு மணி இருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. "சோதித்துப் பார்க்க என் எண்ணைப் போட்டுக்கொள் தம்பி. ஊரார் எண்ணைத் தொடாதே" என்றார். அந்தப் பெண் அதற்கு முன் என்னைப் பார்த்ததே இல்லை. அவர் வீட்டில் நடந்ததற்கு நான் காரணம். இதை எழுதும்போதும் அது என்னை விட்டுப் போகவில்லை.

உண்மைத் தரவை நகலெடுத்துச் சோதித்தது முதல் தவறு. அதை அன்றே நிறுத்தினோம். ஆனால் அமைப்பின் குறை அதைவிட ஆழமானது. உண்மையான செய்திச் சேவையைத் தானே தேடிப் பிடிக்கும் நிரலில், அதைத் தடுக்க நாம் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் மறந்தால், ஓர் இடத்தில் தவறினால், செய்தி போய்விடும். செய்திச் சேவையை யாரும் கொடுக்காவிட்டால் அனுப்பவே முடியாத நிரலில், மறதியால் இப்படி ஒரு கேடு வராது.

நாளைக் கையில் கொடுத்தல்

மாற்றத்தின் முதல் படியைச் சொன்னது என்னுடன் வேலை பார்க்கும் இளம் நிரலாளர். உள்ளூர்க் கல்லூரியில் படித்துவிட்டு அப்போதுதான் சேர்ந்திருந்தார். தேதியை எப்படிப் போலி செய்வது என்று நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மீட்கும் நாளை நாமே கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார்.

வட்டி(கடன், மீட்கும் நாள்):
    வைத்த நாளிலிருந்து மீட்கும் நாள் வரை முழு மாதங்களை எண்ணு
    மிச்ச நாட்களுக்கு அரை அல்லது முழு மாதம் சேர்
    தொகை × வீதம் × மாதங்களைத் திருப்பிக் கொடு

அவ்வளவுதான். இப்போது மார்ச் 1-ஐ எந்த நாளிலும் சோதிக்கலாம்; 2028 பிப்ரவரி 29-ஐ இன்றே சோதிக்கலாம். செயற்கூறு வெளியுலகத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. கொடுத்ததை வைத்துக் கணக்குப் போடுகிறது.

இதிலும் ஒரு பள்ளம் இருந்தது. பழைய இடங்களிலிருந்து வரும் அழைப்புகள் உடையக் கூடாது என்று, 'மீட்கும் நாள் கொடுக்கப்படாவிட்டால் இன்றைய தேதி' என்று முன்னிருப்பு மதிப்பாக எழுதினோம். பைத்தானில் முன்னிருப்பு மதிப்பு, செயற்கூறு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படுவதில்லை. நிரல் ஏற்றப்படும்போது ஒரே ஒரு முறை கணக்கிடப்பட்டு அப்படியே உறைந்துவிடும். திங்களன்று தொடங்கிய சர்வர் வியாழனன்றும் திங்கள் தேதியையே சொல்லும். கடைக்குப் போகும் முன்பே அதைப் பிடித்துவிட்டோம். அதன் பிறகு முன்னிருப்பே வேண்டாம் என்று முடிவு செய்தோம்: நாள் கொடுக்காமல் யாரும் வட்டி கேட்க முடியாது. பழைய அழைப்புகள் பதினொன்று உடைந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தபோது, இரண்டு இடங்களில் எந்த நாளின் வட்டி வேண்டும் என்பதே எழுதியவருக்குத் தெளிவாக இருந்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

அடுத்தது 'மீட்பு' கிளாஸ். அது தேடிப் பிடித்த ஐந்தையும், அது உருவாகும்போது ஓடும் செயற்கூறான கன்ஸ்ட்ரக்டரின் வாசலில் வாங்கிக்கொள்ளும்படி மாற்றினோம். தனக்கு ஒரு தரவுத்தளம் வேண்டும், செய்தி அனுப்புபவர் வேண்டும் என்று அது கேட்கும். எதை எங்கிருந்து கொண்டுவருவது என்பது அதன் வேலை இல்லை. இதற்குத்தான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 2004 ஜனவரியில் மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய ஒரு கட்டுரையால் இந்தப் பெயர் நிலைத்தது. பெயர் பெரிதாக இருப்பதால் பலர் இது பெரிய நிறுவனங்களின் விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சார்ந்திருக்கும் பொருளைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் உண்மையான பொருட்களை யார் உருவாக்குவது? அதற்கு ஒரே ஒரு கோப்பை வைத்தோம். அதன் பெயர் முகப்பு. செட்டிநாட்டு வீட்டில் வெளியாட்கள் வந்து உட்காருவது முகப்பில். வீட்டுக் காரியம் நடப்பது உள்ளே வளவில். எங்கள் நிரலிலும் தரவுத்தளத்தின் கடவுச்சொல், செய்திச் சேவையின் முகவரி, அச்சு எந்திரத்தின் பெயர் எல்லாம் முகப்பில் மட்டும் இருக்கின்றன. அங்கே எல்லாவற்றையும் உருவாக்கி, கோத்து, உள்ளே அனுப்புகிறோம். சோதனைகள் முகப்பைத் தொடுவதே இல்லை. ஆகவே சோதனையிலிருந்து உண்மையான செய்தி போக வழியே இல்லை.

ஜாவா என்ற நிரல்மொழியின் உலகில் ஸ்பிரிங், ஜூஸ் (Guice) போன்ற சட்டகங்கள் (ஃப்ரேம்வொர்க்) இந்தக் கோக்கும் வேலையைத் தாங்களே செய்கின்றன. நூற்றுக்கணக்கான கிளாஸ்கள் இருந்தால் அவை பயன்படும். எங்கள் முகப்பு நாற்பது வரி. யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பது ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தெளிவை ஒரு சட்டகத்துக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கன்ஸ்ட்ரக்டர் ஐந்து பொருட்களைக் கேட்பதே அதிகம் என்றும் அப்போதுதான் உறைத்தது. முன்பு அந்த ஐந்தும் உள்ளே மறைந்திருந்ததால் கிளாஸ் சிறியதாகத் தெரிந்தது. வாசலில் வரிசையாக நின்றபோது, மீட்பதும் நினைவூட்டுவதும் இரண்டு வேலைகள் என்பது புரிந்து, அதை இரண்டாகப் பிரித்தோம்.

ஆச்சியின் பேரேடு

மாற்றியதை ஆச்சியிடம் விளக்க வேண்டியிருந்தது. இருபத்து மூன்று செய்திகளுக்குப் பிறகு, என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லாமல் புதிய பதிப்பை அவர் கடையில் போடுவது முறையாகாது. மென்பொருள் இனி தேதியைத் தானே பார்த்துக்கொள்ளாது, மீட்கும் நாளை நாம் சொல்வோம், அது கணக்கு மட்டும் போடும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடப்பு வட்டி மாதிரி" என்றார்.

அவருடைய ஐயா ரங்கூனில் வட்டிக்கடையில் இருந்தவர். வட்டி வீதத்தை ஒவ்வொரு கடையும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளாமல், நகரத்தார் கூடி நிர்ணயிக்கும் நடப்பு வட்டி என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. கடையில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளைக்கு வீதம் வெளியிலிருந்து வரும். அவர் பெருக்கிக் கணக்கெழுதுவார். பல ஆண்டு கழித்து யாராவது பேரேட்டைப் புரட்டினாலும், அந்த மாதத்து நடப்பு வட்டியைத் தெரிந்துகொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கணக்கு சரியா, வீதம் சரியா என்ற இரண்டு கேள்விகளும் தனித்தனியே நிற்கும். நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்.

பிறகு உள்ளே போய், சிவப்புத் துணி கட்டிய ஒரு பேரேட்டை எடுத்து வந்து கொடுத்தார். கணிப்பொறி வருவதற்கு முன் அவர் கைப்பட எழுதியது. வைத்த நாள், மீட்ட நாள், தொகை, வட்டி. ஓரத்தில் சிறியதாக '3', '4½' என்று மாதக் கணக்கு. ஆத்தங்குடிக் கல் பாவிய கடைத் தரையில் உட்கார்ந்து, பெயர்களை விட்டுவிட்டு, நாட்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நாற்பது வரிகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றும் ஒரு சோதனை. வைத்த நாள் இது, மீட்ட நாள் இது, மாதம் இத்தனை வர வேண்டும். பழைய நிரலில் ஒரே ஒரு வரியைக்கூட இப்படி எழுதியிருக்க முடியாது.

முதல் ஓட்டத்தில் நான்கு தோற்றன. மூன்று என் பிழை. நான்காவது இப்படி இருந்தது: ஏப்ரல் 30-இல் வைத்து மே 31-இல் மீட்டது. ஓரத்தில் '1'. நிரலோ ஒன்றரை என்றது. மே 30-இல் ஒரு மாதம் முடிந்தது, 31 கூடுதலாக ஒரு நாள், ஆகவே அரை வட்டி. விதிப்படி நிரல் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றியது. எழுதும்போது கைதவறியிருக்கலாமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மாதக் கடைசியில் வைத்தது மாதக் கடைசியில் முடியும். அந்த ஒரு நாளுக்கு அரை வட்டி வாங்குவார்களா?" என்றார்.

அப்படியானால் ஜனவரி 30-இல் வைத்தது? 2023 பிப்ரவரியில் 30 இல்லையே? அதுவும் கடைசி நாளான 28-இல் முடியும். சரி, ஜனவரி 30-இல் வைத்தது மார்ச்சில் எப்போது முடியும்? 30-இல், ஜனவரி 30 மாதக் கடைசி இல்லை அல்லவா. அவருக்கு இவை எல்லாம் கேள்விகளே இல்லை. கை தானாகப் போட்ட கணக்கு. எங்கள் தேவைப் பட்டியலில் இந்த விதி எந்த இடத்திலும் இருந்ததில்லை. நாங்கள் கேட்காததால் அவர் சொல்லவில்லை. நாளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க முடியாததால் நாங்கள் கேட்கவும் இல்லை. மாதக் கடைசி விதிக்காக மேலும் ஆறு வரிகள் சேர்த்தோம். நாற்பத்தாறு சோதனைகளும் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்தன. அச்சு எந்திரம் அணைந்தே இருந்தது.

இரவு ஒரு மணி

வட்டிக்கு நாள் போதும். ஆனால் நினைவூட்டல் தானாக ஓடுவது. அதற்கு யாரும் நாளைக் கொடுப்பதில்லை. அது எப்போது எழுந்தாலும் 'இப்போது என்ன தேதி' என்று ஒருவரிடம் கேட்டாக வேண்டும். அங்கே கடிகாரத்தையே, சார்ந்திருக்கும் பொருட்களில் ஒன்றாக, வாசலில் கொடுத்தோம். உண்மைக் கடிகாரம் முகப்பிலிருந்து வரும். சோதனையில் நாம் நிறுத்திவைத்த நேரத்தையே சொல்லும் கடிகாரம். மதிப்பு போதுமான இடத்தில் மதிப்பைக் கொடுப்பது, அதைத் தரும் பொருள் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டும் பொருளைக் கொடுப்பது என்று இதிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டோம்.

கடிகாரத்தை நிறுத்திவைக்க முடிந்த அன்றே ஒரு பழைய புகார் விளங்கிவிட்டது. ஏழு நாள் இருக்கிறது என்று செய்தி வருகிறது, எண்ணிப் பார்த்தால் ஆறு நாள்தான் இருக்கிறது என்று சிலர் சொல்லியிருந்தார்கள். நினைவூட்டல் ஓடுவது இரவு ஒரு மணிக்கு. சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. நமக்கு மார்ச் 10 அதிகாலை ஒரு மணி என்றால், சர்வருக்கு மார்ச் 9 இரவு ஏழரை. அதிலிருந்து ஏழு நாள் எண்ணி, மார்ச் 16-இல் முடியும் கடன்களுக்குச் செய்தி அனுப்பியது. பகலில் நாங்கள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இரண்டு தேதியும் ஒன்றாகவே இருக்கும். பிழை உயிரோடு இருந்தது நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் மட்டும். கடிகாரத்தை இரவு ஒரு மணியில் நிறுத்திய முதல் சோதனையே சிவப்பாக வந்தது. எப்போதும் இந்திய நேரப்படி தேதி சொல்லும் கடிகாரத்தை முகப்பில் வைத்துத் திருத்தினோம்.

டூப் எங்கே ஏமாற்றுகிறார்

சினிமாவில் நாயகனுக்காக மாடியிலிருந்து குதிப்பவரை டூப் என்போம். சோதனையில் உண்மைப் பொருளுக்குப் பதிலாக நிற்பவற்றுக்கு, மென்பொருள் சோதனை பற்றி நூல் எழுதிய ஜெரார்ட் மெஸாரோஸ் வைத்த 'டெஸ்ட் டபுள்' என்ற பொதுப்பெயரும் அந்தக் குதிப்பவரிடமிருந்து எடுத்ததுதான். அவர் அதில் ஐந்து வகை பிரித்தார். எங்களுக்குத் தேவைப்பட்டவை இரண்டு: கேட்டால் வைத்த பதிலையே சொல்லும் ஸ்டப், உண்மையாகவே வேலை செய்யும் எளிய உருவமான ஃபேக். தங்க விலைக்கு ஸ்டப். தரவுத்தளத்துக்கும் செய்திக்கும் ஃபேக். செய்தி ஃபேக் அனுப்ப வேண்டியவற்றை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். யாருக்கு என்ன வாசகம் போயிருக்கும் என்று சோதனை அந்தப் பட்டியலைப் பார்க்கிறது. முன்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்தோம் அல்லவா.

எந்தச் செயற்கூறு எத்தனை முறை, எந்த வரிசையில் அழைக்கப்பட்டது என்று சரிபார்க்கும் மாக் வகையை நாங்கள் ஏறக்குறைய முழுவதும் தவிர்த்தோம். அப்படி எழுதிய சில சோதனைகள், நிரலின் உட்புறத்தைச் சீர்படுத்திய ஒவ்வொரு முறையும் விடை சரியாக இருக்கும்போதே உடைந்தன. உடைந்த சோதனையை யோசிக்காமல் திருத்தும் பழக்கம் வந்துவிட்டால், அந்தச் சோதனையால் பிறகு பயனில்லை.

ஃபேக்கிலும் குறை உண்டு. இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தியை வலையமைப்பு தடுத்துவிடும். எங்கள் ஃபேக்குக்கு அது தெரியாது. ஒரு முறை வாசகத்தில் 'முடிகிறது' என்பதை 'முடிவடைகிறது' என்று திருத்தினோம். எல்லாச் சோதனைகளும் பச்சை. கடையிலிருந்து ஒரு செய்தியும் போகவில்லை. நீளத்திலும் அதே கதை. தமிழில் ஒரே செய்தியாகப் போக 70 குறியீடுகள் வரைதான் இடம்; 'கி' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. நாங்கள் எழுத்தாக எண்ணிய இடத்தில் சேவை குறியீடாக எண்ணி, இரண்டு செய்திக்குக் கட்டணம் போட்டது. இந்த இரண்டு விதிகளையும் ஃபேக்குக்குள் எழுதிவிட்டோம்: பதிந்த வாசகத்தோடு பொருந்தாவிட்டால் அதுவும் இப்போது மறுக்கும்.

ஆனால் உண்மைச் சேவை நாளை எதை மாற்றும் என்பதை எந்த ஃபேக்கும் சொல்லாது. அதனால் மற்றச் சோதனைகளிலிருந்து பிரித்து, தனியாக ஒன்றை வைத்தோம். திங்கள்தோறும் காலை ஒன்பதரைக்கு, உண்மையான முகப்பின் வழியாக, பதிந்த அதே வாசகத்தில், இல்லாத ஓர் அடகு எண்ணைப் போட்டு ஒரே ஒரு செய்தி போகும். அது போகும் எண் ஆச்சியுடையது. அவர் சொன்னபடியே அதைப் போட்டுக்கொண்டேன்.

ஒரு திங்கள் காலை நான் தேவகோட்டையில் ஒரு வேலையாக இருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு ஆச்சியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, இன்றைக்குச் செய்தி வரவில்லை." சேவைக்குக் கட்ட வேண்டிய பணம் தீர்ந்திருந்தது. பத்து மணிக்குள் கட்டினேன். சிறிது நேரத்தில் மறுபடியும் போன் வந்தது: "வந்துவிட்டது."